மேசைமேல் ஓர் அடைக்கோழி

சேவல் படம் போட்ட பட்டாசுப் பெட்டியை அறியாத பிள்ளை நம் சிவகாசியில் உண்டோ? ஆனால் உயிருள்ள சேவலை வீட்டில் வளர்க்கும் பிள்ளையைத் தேடித்தான் காண வேண்டும். பஞ்சாரம் கவிழ்த்திருந்த திண்ணைகள் பலவற்றில் இன்று இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. இந்நிலையில்தான் மேசைமேல் வைக்கும் சின்னஞ்சிறு குஞ்சு பொரிக்கும் பெட்டி நம் இல்லங்களுக்குள் வந்திருக்கிறது. தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஒரு பல்பு, ஒரு சிறு விசிறி, சூட்டைக் காட்டும் சிவப்பு எண்கள், அவ்வளவே. பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடுக்கி மின்சாரத்தை இணைத்தால் இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வரும் என்கிறார்கள்.

வரத்தான் செய்கிறது. ஆகவே இப்பெட்டி வேண்டாம் என்போர் கட்சியில் நாம் இல்லை. அதை விளையாட்டுப் பொருளாக எண்ணி வாங்குவோரோடு சேரவும் நமக்கு மனமில்லை.

நம் பாட்டிமார் அடை வைத்த விதத்தை நினைத்துப் பார்ப்போம். அகன்ற சட்டியில் மணல் பரப்பி, முட்டைகளை வைத்து, ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் ஆகியவற்றையும் உடன் வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடாமல் இருக்கவாம்! தீபாவளிக்கு முன் பட்டாசைச் சோதித்துப் பார்க்கும் ஊரில் எத்தனை இரும்புத் துண்டு வைப்பது என்று எந்தப் பாட்டியிடமும் கேட்க நமக்குத் துணிவு வந்ததில்லை. மற்றபடி எல்லாவற்றையும் கோழியே பார்த்துக்கொள்ளும். சூட்டை அதன் வயிறு அறியும். முட்டையை அதன் அலகு திருப்பும்.

கோழியில்லாமல் குஞ்சு பொரிப்பது இன்றைய கண்டுபிடிப்பு அன்று. எகிப்து நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே மண் சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தார்கள். அவர்களிடம் வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமைமேல் வைத்துச் சூட்டை அறிந்தார்கள். பிரான்சு நாட்டு அறிஞர் ரெயோமூர் இக்கலையை ஆராய்ந்து 1749-இல் நூலே எழுதினார். அந்தக் கண்ணிமை செய்த வேலையைத்தான் இன்று நம் பெட்டியிலுள்ள தெர்மோஸ்டாட் செய்கிறது.

விசிறியுள்ள பெட்டியில் சூடு 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று முறையேனும் முட்டைகளைத் திருப்ப வேண்டும். இல்லையேல் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் சிலந்திக் கால்கள்போல் சிவப்பு நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாதது கூமுட்டை. பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தைக் கூட்டி, மூடியை அடைத்துவிட வேண்டும்.

இவை எல்லா ஊருக்கும் பொது. நம் ஊருக்கென்று இரு தொல்லைகள் உண்டு. முதலாவது வறட்சி. தீப்பெட்டியும் பட்டாசும் இம்மண்ணில் வேரூன்றக் காரணமான அதே வறண்ட காற்று முட்டைக்குப் பகை. பதினெட்டு நாட்களில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீதத்தை நீராவியாக இழப்பது இயல்பு. அதற்கு மேல் இழந்தால் ஓட்டின் உட்தோல் காய்ந்து குஞ்சைச் சிறைப்படுத்திவிடும். பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை மறப்பவர்களுக்கு இந்த வேலை ஆகாது. இரண்டாவது, கோடை. இப்பெட்டிக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையே 38 டிகிரிக்குக் கொதிக்கும் மே மாதத்தில் பல்பு அணைந்தே இருந்தாலும் கரு வெந்துவிடக் கூடும். கடை அலமாரியில் வெயிலில் கிடந்த முட்டைகளும் உதவா. வேறொன்றும் சொல்ல வேண்டும். காகிதக் குழாயும் அட்டையும் குவிந்து கிடக்கும் அறையில் இரவு பகலாகப் பல்பு எரியும் பெட்டியை வைப்பது அறிவீனம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

எங்கள் அனுபவத்தையும் மறைக்க விரும்பவில்லை. பன்னிரண்டு முட்டை வைத்தோம். மூன்று கூமுட்டை. இருபத்தொன்றாம் நாள் ஐந்து குஞ்சுகள் வெளிவந்தன. ஆறாவது முட்டையில் சிறு துளை மட்டும் விழுந்து, உள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்டபடியே இருந்தது. நான்கு மணி நேரம் பொறுத்தோம். பிறகு மனம் தாளாமல் மூடியைத் திறந்து, நகத்தால் ஓட்டை உரித்தோம். உள்ளே இரத்த நாளங்கள் இன்னும் வற்றவில்லை. மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதும் ஏறவில்லை. அக்குஞ்சு அன்றிரவே இறந்தது. துளை விட்ட குஞ்சு வெளிவர ஒரு பகல் ஓர் இரவுகூட ஆகலாம் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். மூடியைத் திறந்தபோது ஈரம் வெளியேறியதால் மற்றவையும் உள்ளேயே காய்ந்தனவோ என்ற ஐயம் இன்றும் நெஞ்சை அரிக்கிறது. இரக்கம் என்று எண்ணித்தான் செய்தோம்.

பிழைத்த ஐந்தில் மூன்று சேவல். இதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பொரிப்பவற்றில் ஏறத்தாழப் பாதி சேவலாகத்தான் இருக்கும். விடியுமுன் கூவும் சேவலை அடுத்த வீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள்? விற்பதா, சமைப்பதா, யாருக்கேனும் கொடுப்பதா? பெயர் சூட்டிய பிறகு அக்கேள்வியைக் கேட்டால் வீட்டில் அழுகைதான். பெரிய பண்ணைகளுக்கும் இதே கேள்விதான். முட்டைக்கென வளர்க்கும் இனத்தில் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். செர்மனி நாடு 2022 முதல் அதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது.

தாய்க்கோழி இறக்கைக்குள் தரும் சூட்டையும் நாமே தர வேண்டும். முதல் வாரம் 95 பாரன்ஹீட், பின் வாரந்தோறும் ஐந்து டிகிரி குறைவு. வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் பலகாரத்தில் வைக்கக் கூடாது.

இத்தனை இருந்தும் பெட்டி வேண்டும் என்றே சொல்கிறோம். அடைகாத்துக் குஞ்சை வளர்க்கும் நாட்டுக்கோழி இரண்டு மூன்று மாதம் முட்டையிடுவதில்லை. அப்பணியைப் பெட்டி ஏற்றால் கோழி விரைவில் மறுபடி முட்டையிடும். கோழிக்காசு என்பது நம் குடும்பங்களில் அம்மாவின் காசு. நோட்டுப் புத்தகமும் பேனாவும் அதிலிருந்தே பலருக்கு வந்தன. பெட்டி வந்த பிறகும் அக்காசு அம்மாவின் சுருக்குப் பையிலேயே இருக்கட்டும்.

நம் பள்ளி அறிவியல் கூடத்திலும் ஒன்று வைக்கலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று முட்டை வைத்தால் உயிர்ப்புப் பெருவிழா அன்று குஞ்சு வரும். ஐந்தாம் ஞாயிறு விளக்கொளிச் சோதனை; பெரிய வியாழனன்று மூடி அடைப்பு. நாட்கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! ஆனால் அது கோடை தொடங்கும் காலம். கூடத்திலேயே குளிர்ந்த மூலையைத் தேட வேண்டும். அதற்கிடையில் வரும் விடுமுறை நாட்களில் முட்டையைத் திருப்புவது யார், தண்ணீர் ஊற்றுவது யார், மின்சாரம் நின்றால் போர்வை போர்த்துவது யார்? அப்பெயர்ப் பட்டியலையும், சேவல்களை ஏற்கச் சம்மதித்த வீடுகளின் பட்டியலையும் முதலில் எழுதி அருட்சகோதரி தலைமையாசிரியரிடம் கொடுப்போம். பெட்டியை அதன் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.