ராக்ஸா, ஸ்கார்பியோ என்-ஆ? ஒரு டாக்டரின் ஓட்டு

1/ "டாக்டர், தார் ராக்ஸ் எடுக்கலாமுங்களா, ஸ்கார்பியோ என் எடுக்கலாமுங்களா?" பவானி, குமாரபாளையம், அந்தியூர்னு எங்கிருந்து வர்ற தம்பிகளும் பி.பி. பார்க்கிற கேப்ல இதைக் கேட்டுடறாங்க. எனக்கும் இதுல ஒரு ஓட்டு இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ அமெரிக்காக்காரனுக்கு மஸ்டாங், சேலஞ்சர் எப்படியோ, நம்ம பக்கத்துக்கு இந்த ரெண்டும் அப்படி. ரெண்டுமே மஹிந்திரா. ரெண்டுமே லேடர் சேஸிஸ். 2.0 டர்போ பெட்ரோல், 2.2 டீசல்னு இன்ஜின் குடும்பமும் ஒண்ணுதான். அதனால பவரை வச்சு ரொம்ப சண்டை போட வேண்டாம்.

3/ எனக்கு முக்கியம் மோதல் சோதனை. ஸ்கார்பியோ என்: குளோபல் என்கேப், 2022 டிசம்பர். பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 ஸ்டார், குழந்தைகளுக்கு 3. ராக்ஸ்: பாரத் என்கேப், 2024 நவம்பர். பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கும் 5.

4/ ஸ்டாரை மட்டும் எண்ணாதீங்க, எந்தப் பரீட்சைன்னும் பாருங்க. 2023-ல ஆஸ்திரேலியாவின் ஏஎன்கேப் ஸ்கார்பியோவுக்குக் கொடுத்தது பூஜ்யம். தானா பிரேக் பிடிக்கிற வசதி மாதிரியான விஷயங்களுக்கு அங்கே நிறைய மார்க். அது அப்போ அந்த வண்டியில இல்லை. நிஜ மஸ்டாங்கே 2017 ஜனவரியில யூரோ என்கேப்பில் 2 ஸ்டார்தான் வாங்கியது.

5/ என் ஓட்டு: வீட்டில் சின்னக் குழந்தைங்க இருந்தா ராக்ஸ். அப்பா, அம்மா, மாமனார், மாமியார்னு 6, 7 பேர் போற குடும்பம்னா ஸ்கார்பியோ என். ராக்ஸ்ல சீட்டு அஞ்சுதான். அஞ்சு சீட்ல எட்டுப் பேரை அமுக்கிட்டு கூடுதுறைக்குப் போற பழக்கம் இருந்தா எந்த ஸ்டாரும் உதவாது.

6/ இனிமேதான் முக்கியமான விஷயம். மேலே சொன்ன 5 ஸ்டார் எல்லாம் 64 கி.மீ. வேகத்துல முன்பக்கமா மோத வச்சுப் பார்த்தது. உள்ளே உட்கார்ந்த பொம்மை பெல்ட் போட்டிருந்தது. நீங்க பெல்ட் போடலைன்னா அந்த ஸ்டார் உங்களுக்கானது இல்லை.

7/ ஒரு விபத்துல மூணு மோதல் நடக்குது. முதல்ல வண்டி மோதும். அடுத்து உடம்பு ஸ்டியரிங்லயோ முன் சீட்லயோ மோதும். கடைசியா உள் உறுப்புகள்: மூளை மண்டை ஓட்டிலே, இதயம் நெஞ்சுக்கூட்டிலே. மகாதமனி கிழிஞ்சுட்டா பல பேர் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து சேர்றதில்லை.

8/ "ஏர்பேக் ஆறு இருக்குதுங்களே?" இருக்கட்டும். ஆனா அது பெல்ட்டுக்குத் துணை, பெல்ட்டுக்குப் பதில் இல்லை. பெல்ட் இல்லாம முன்னாடி பாயிற உடம்பு, வெடிச்சு விரியற பையை நேருக்கு நேரா சந்திக்கும். மடியில குழந்தையை வச்சு முன் சீட்ல உட்காரவே உட்காராதீங்க. பைக்கும் உங்க நெஞ்சுக்கும் நடுவுல இருக்கிறது அந்தக் குழந்தைதான்.

9/ பின் சீட்டுக்கு பெல்ட் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு: 2022 செப்டம்பர் 4, மகாராஷ்டிராவின் பால்கர். சைரஸ் மிஸ்திரி போனது மெர்சிடிஸ் கார். முன் சீட்ல இருந்த ரெண்டு பேரும் பிழைச்சாங்க. பின் சீட்ல பெல்ட் இல்லாத ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. ஒரே கார், ஒரே மோதல்.

10/ பெல்ட் சத்தத்தை அடக்க ஒரு கிளிப் விக்கறாங்க. ஆன்லைன்ல இதை விக்கக் கூடாதுன்னு 2023-லயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுச்சு. அந்தச் சத்தம் உங்களைக் காப்பாத்தத்தான் கத்துது. அதோட வாயை அடைக்காதீங்க.

11/ அடுத்தது புல் பார். நம்மூர்ல வண்டி எடுத்த மறுநாளே முன்னாடி இரும்புக் கம்பி மாட்டினாத்தான் கெத்து. முன்பகுதி நசுங்கறதே மோதல் வேகத்தை வாங்கிக்கத்தான். கம்பி அதை நசுங்க விடாம அடியை நேரா சேஸிஸுக்கு அனுப்பும், ஏர்பேக் விரியற நேரத்தையும் குழப்பலாம். எதிர்ல நடந்து வர்றவருக்கு அந்தக் கம்பி எமன். 2017 டிசம்பர்லயே மத்திய அரசு மாநிலங்களை நடவடிக்கை எடுக்கச் சொல்லியாச்சு.

12/ வேகம். 80-ல இருந்து 100 போனா வேகம் கால் பங்குதான் கூடுது. மோதலின் சக்தி 56% கூடிடும். 100-ல போறப்ப ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடறீங்க. சேலம்–கொச்சி ரோட்டுல லட்சுமி நகர் பக்கம் பால் கேனோட ஒரு எக்ஸ்எல் குறுக்கே வந்தா, மூளை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே அந்த 28 மீட்டர் முடிஞ்சிடும்.

13/ அதனால தம்பி, ஷோரூம் போறப்ப வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. ஒவ்வொரு சீட்லயும் ஆளை உட்கார வச்சு பெல்ட் மாட்டிப் பாருங்க. அம்மாவுக்கு மாட்டத் தெரியலைன்னா அங்கேயே சொல்லிக் கொடுங்க. புல் பாருக்கு வச்ச காசுல குழந்தைக்கு சைல்டு சீட் வாங்குங்க.

14/ ராக்ஸோ, ஸ்கார்பியோவோ, ரெண்டுமே நல்ல வண்டிதான், சந்தோஷமா எடுங்க. சாவி வாங்கின அன்னைக்கே பின் சீட்டுக்கும் பெல்ட்னு வீட்டுல சட்டமாக்கிடுங்க. புது வண்டி எடுக்கப் போற மாப்பிள்ளை, மச்சான் யாராச்சும் இருந்தா இதை அனுப்பி விடுங்க.