மணலை அடிங்க, பந்து தானா வரும்

போன வாரம் நிகழ்ச்சிக்கு அழைத்த தம்பி ஒருவர் பாட்டு கேட்கவில்லை, யோசனை கேட்டார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். கம்பெனி கோல்ஃப் போட்டிக்கு முதலாளி கூப்பிட்டிருக்கிறாராம். "அக்கா, பந்து மணல் குழியில விழுந்து, மேலே நாலு மேனேஜர் நின்னு பார்த்தா என்ன செய்யறது?"

நியாயமான பயம்தான். 1978 பிரிட்டிஷ் ஓப்பனில், செயிண்ட் ஆண்ட்ரூஸ் திடலின் 17-வது குழியில் ஜப்பானின் டாமி நகாஜிமா பந்தை உருட்ட, அது பக்கத்து மணல் குழிக்குள் இறங்கிவிட்டது. வெளியே எடுக்க நாலு அடி. அந்தக் குழிக்கு மொத்தம் 9. உலகத்தரமான ஆட்டக்காரருக்கே அந்தக் கதி!

மூவாரில் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் சின்ன வயதில் கேடியாக இருந்தவர். சினிமா கேடி இல்லை, துரைமார்களின் கோல்ஃப் பை தூக்கியவர். அவர் சொல்லும் முதல் பாடம்: பந்தைப் பார்க்காதே. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலைப் பார், அதை அடி. மட்டை பந்தைத் தொடவே கூடாது. மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு வரும். காலை மணலில் நன்றாகப் புதைத்து, மட்டை முகத்தை வானம் பார்க்கத் திறந்துவிட்டு, பிறகு பிடியைப் பிடிக்க வேண்டும். பயத்தில் பாதியில் கையை நிறுத்தினால் பந்து அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இதற்கென்றே உள்ள மட்டை சேண்ட் வெட்ஜ். பழைய மட்டைகளின் அடிப்பாகம் மெலிசு, மண்வெட்டி மாதிரி மணலுக்குள் இறங்கிவிடும். அமெரிக்கர் ஜீன் சாரஸன் விமானத்தின் வால் பகுதி வேலை செய்வதைப் பார்த்து, அடிப்பாகத்தில் ஈயம் சேர்த்துப் பருமனாக்கினார். மட்டை மணலில் வழுக்கிக்கொண்டு போனது. 1932 பிரிட்டிஷ் ஓப்பனை அதை வைத்தே வென்றார்.

நம் ஊர் மழை வேறு கதை. நனைந்த மணல் இறுகிக் கிடக்கும். பருமனான மட்டை அதில் பட்டுத் துள்ளி, நேராகப் பந்தின் நடுவில் மோதும். பந்து பச்சைத் திடலைத் தாண்டிப் பறக்கும். அப்போது முகத்தை அவ்வளவு திறக்கக் கூடாது. பந்து பாதி புதைந்து, நாசி லெமாக் மேல் வைக்கும் மாத்தா முட்டை மாதிரி கிடந்தால் முகத்தை மூடியே அடிக்கணும்.

அடிப்பதற்கு முன்னால் மட்டையை மணலில் வைத்து அளவு பார்க்காதீர்கள். இரண்டு அடி அபராதம். 2010 பிஜிஏ போட்டியின் கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சன், தான் நிற்பது மணல் குழி என்றே தெரியாமல் மட்டையை ஊன்றினார். அந்த இரண்டு அடியில் பிளே-ஆஃப் வாய்ப்பு போனது.

சுவர் தலைக்கு மேலே நின்றால்? பக்கவாட்டில் அடியுங்கள், தேவைப்பட்டால் பின்பக்கம். என்னைக் கேட்டால், முதலாளி முன்னால் அதைச் செய்யத்தான் உண்மையான தைரியம் வேண்டும். 2019-லிருந்து இன்னொரு வழியும் உண்டு: இரண்டு அடி அபராதம் ஏற்றுக்கொண்டு, குழிக்கு வெளியே பின்னால் பந்தைப் போட்டு ஆடலாம்.

இதெல்லாம் பணக்காரர் சமாசாரம் என்று ஒதுங்க வேண்டாம். எம். ராமையா, பி. குணசேகரன் என்று நம் பெயர்கள் மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் எப்போதோ வந்துவிட்டன. மூவார் மாமாவும் துரைமார் போன பிறகு, சாயங்கால வெளிச்சத்தில், யாரோ வீசிப்போன பழைய மட்டையோடு அந்த மணலில் பழகியவர்தான். அடித்து முடித்ததும் ரேக்கை எடுத்துக் கால்தடத்தைச் சமன் செய்துவிட்டு வருவார். நீங்களும் மறக்காமல் செய்யுங்கள், மேனேஜர்கள் அதையும் கவனிப்பார்கள்.