சூப் தெரிந்தது, கோரிக்கை தெரியவில்லை

2022 அக்டோபர் 14 அன்று லண்டன் நேஷனல் கேலரியில் வான்கோவின் 'சூரியகாந்திகள்' ஓவியத்தின் மீது இரண்டு இளம்பெண்கள் தக்காளி சூப்பை வீசினார்கள். ஓவியம் பாழாகிவிட்டது என்று பலரும் கொதித்தார்கள். உண்மையில் அதன்மேல் கண்ணாடி இருந்தது; சேதமானது சட்டகம்தான். அந்த விவரம் வந்து சேர்வதற்குள் கோபம் உலகைச் சுற்றிவிட்டது. பிரிட்டன் அரசு புதிய எண்ணெய், எரிவாயு உரிமங்கள் வழங்கக் கூடாது என்பதுதான் அவர்கள் சார்ந்த 'ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்' அமைப்பின் கோரிக்கை. சூப்பை நினைவில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

"எல்லாம் விளம்பரத்துக்காக" என்று ஒதுக்கிவிடலாமா? விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது இன்று முளைத்ததல்ல. 1975 ஜூனில் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் நடுக்கடலில் சோவியத் திமிங்கில வேட்டைக் கப்பல்களை சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸின் குழு மறித்தது. வேட்டைக் கப்பலுக்கும் திமிங்கிலங்களுக்கும் இடையே சின்ன ரப்பர் படகில் போய் நின்றார்கள். கப்பலிலிருந்து ஏவிய ஈட்டி அவர்களைத் தாண்டிப் போய்த் திமிங்கிலத்தில் பாய்ந்தது. அதைப் படம்பிடிக்கவும் ஆள் வைத்திருந்தார்கள். குழுவில் முன்னின்ற ராபர்ட் ஹன்டர் பத்திரிகையாளர். எது செய்தியாகும் என்று அறிந்தவர். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்தக் காட்சியை ஒளிபரப்பின. 1982இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டையை நிறுத்திவைக்கத் தீர்மானித்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், பொதுமக்களின் மனம் மாறியதில் அந்தக் காட்சிக்குப் பங்கு உண்டு.

இரண்டுமே கேமராவுக்காகச் செய்தவைதான். ஆனால் 1975 காட்சியில் வேட்டையாடுபவரும் சாகும் உயிரும் கண்ணெதிரே இருந்தார்கள்; பார்த்தவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2022 காட்சியில் எண்ணெயே இல்லை. ஓவியத்துக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பேசித்தான் புரியவைக்க வேண்டும். அந்தப் பெண்கள் பேசவும் செய்தார்கள். கைபேசியில் சுற்றிய சில நொடித் துண்டில் அந்தப் பேச்சு எங்கே நிற்கும்? பகிர்ந்தவர் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த தலைப்பைப் போட்டுக்கொண்டார்.

2024இல் அந்தப் பெண்களில் ஒருவருக்கு இரண்டு ஆண்டும் மற்றவருக்கு 20 மாதமும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி, புதிய உரிமங்கள் தரமாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்திருந்தது. தங்கள் கோரிக்கை அரசின் கொள்கையாகிவிட்டது என்று சொல்லி, 2025 மார்ச்சில் அமைப்பு நேரடிப் போராட்டங்களுக்கு முடிவு அறிவித்தது. அந்த வெற்றியை சூப்பின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. கோரிக்கை நியாயமானது, தேர்ந்தெடுத்த இடம்தான் தவறு.

செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால், போராடுபவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள்.