குருவி வீட்டுக்கு ஒரு சி.சி.டி.வி.

இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் என்று இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் ரிச்சர்ட், தம்பி செர்ரி. 1892-ல் ஒரு பறவைக் கூட்டை முட்டைகளோடு போட்டோ பிடித்துப் பேர் வாங்கினார்கள். முட்டை ஓடாது, வைத்த இடத்தில் இருக்கும். தாய்க்காரி அப்படியா? ஆள் தலை தெரிந்தாலே விர்ர்ர்... சகோதரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமோ? ஒரு காளை மாட்டைப் பாடம் பண்ணி, வயிற்றைக் காலியாக வைத்து, அதற்குள் காமிராவோடு நுழைந்துகொண்டார்கள். மாடுதானே நிற்கிறது என்று பறவை பாட்டுக்குத் தன் ஜோலியைப் பார்த்தது. உள்ளே நின்ற மனுஷன் எவ்வளவு வேர்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். நம் திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன், வேறு வேறு காமிராக்களின் உறுப்புகளை ஒட்டுப் போட்டுத் தனக்கென்று ஒரு காமிரா செய்துகொண்டு காடு காடாக அலைந்தவர். 1950-லிருந்து 1996-ல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். 46 வருஷம்! அடுத்த வாரத்துக்கு என்ன எழுதுவது என்று இந்த வாரமே தலையைச் சொறிகிற என் போன்றவர்கள் அவர் படத்துக்குச் சூடம் காட்டலாம்.

இப்போது மாட்டுத் தோலும் வேண்டாம், ஒட்டுப் போடவும் வேண்டாம். எலுமிச்சம்பழம் சைஸ் காமிராவைக் கூட்டின் கூரையில் பொருத்திவிட்டு, கட்டிலில் படுத்தபடி செல்போனில் குருவிக் குடும்பத்தைப் பார்க்கலாம். பார்த்தோம். பி.காம். படித்தவனுக்கு ஏன் இந்த வேலை என்பவர்களுக்கு: எல்லாம் ஒரு சும்மா கிடந்த சொத்தினால் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அத்தை இருக்கிறாள். வயசு 74. ஓட்டு வீடு, பின்னால் கிணறு, நாலு கத்தரிச் செடி, ஒரு முருங்கை. மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. அம்மா தனியாக இருக்கிறாளே என்று கவலைப்பட்டுக் கூடத்தில் ஒரு சி.சி.டி.வி. காமிரா மாட்டிவிட்டுப் போனான். (ராஜபாளையத்துக்காரனான எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். காவலுக்கென்றே ஊர்ப் பேரில் ஒரு நாய் இனம் இருக்கும்போது காமிரா எதற்கு?) மூன்றாம் நாள் படம் இருட்டிவிட்டது. 12 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற சொந்தம் நான் என்பதால் எனக்குப் போன். பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால், காமிரா மேல் ஒரு ஈரிழைத் துண்டு!

"நான் சேலையச் சரி பண்றது, மூக்கச் சிந்துறது எல்லாத்தையும் அவன் ஆபீஸ்ல உக்காந்து பாக்கணுமாக்கும்? ஏய்யா, பேச நேரமில்லாதவனுக்குப் பாக்க மட்டும் நேரம் இருக்கோ?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காமிராவைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். பின்வாசலில் இரண்டு சிட்டுக்குருவிகள் பழைய டியூப்லைட் பட்டிக்குள் நுழைய முடியுமா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன. அத்தைதான் சொன்னாள்:

"அதுக வீட்டுல கொண்டு வையி. அதுகளுக்குத்தான் சேலை இல்ல."

*

குருவி வீடில்லாமல் நிற்பதற்குக் காரணம் நாம் வீடு கட்டுகிற விதம். முன்பெல்லாம் சாமி படம், தாத்தா படம் எல்லாவற்றையும் சுவரில் முன்பக்கம் சாய்ந்தாற்போல் மாட்டுவார்கள். படத்துக்கும் சுவருக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இடைவெளி கிடைக்கும். வாடகை, அட்வான்ஸ் இல்லாத ரெடிமேட் வீடு! எத்தனை தாத்தாக்களின் தலைக்குப் பின்னால் எத்தனை குஞ்சுகள் பொரிந்திருக்கும்! இப்போது படங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன, ஓடு போய்க் கான்கிரீட் வந்துவிட்டது, ஜன்னலுக்குக் கொசுவலை.

டீக்கடையில் கேட்டால் செல்போன் டவர்தான் குருவியைக் கொன்றது என்பார்கள். 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வேறு மாதிரி சொல்கிறது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 25 வருஷமாகக் குருவி எண்ணிக்கை பெரிதாக விழவில்லையாம். சென்னை, பெங்களூர் போன்ற பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. டவர் மேல் பழி போட ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தச் சென்னையிலேயே கூடுகள் அறக்கட்டளை என்று ஓர் அமைப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு குருவிக்கு மரப்பெட்டி செய்ய வைத்து வீடு வீடாகத் தொங்கவிட்டுக் கொண்டிருக்கிறது.

பெட்டி வைத்தால் எல்லாப் பறவையும் வந்துவிடாது. தேன்சிட்டு தன் பையைத் தானே தொங்கவிட்டுக்கொள்ளும். தையல்சிட்டு இலையைத் தைத்துக்கொள்ளும், கூலி கேட்காது. பொந்து தேடுகிற சாதி மட்டும்தான் நம் வாடிக்கையாளர்: குருவி, மைனா, குண்டுக்கரிச்சான், கிளி. (கிளி என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி தினசரி இலையாலும் பூவாலும் புதிதாகக் கட்டப்படுவது. அதற்குப் பெட்டி தேவைப்படாது.)

இதில் யாருக்கு வீடு என்று முடிவு செய்வது வாசல் துவாரத்தின் அளவு. குருவிக்கு 32 மில்லிமீட்டர் போதும். "மில்லிமீட்டர்லாம் வேண்டாம் தம்பி, இஞ்ச்ல சொல்லுங்க" என்றார் ராஜபாளையத்து ஆசாரி. ஒண்ணேகால் இஞ்ச். அதற்கு மேல் பெரிதாக்கினால் மைனா புகுந்து பட்டாப் போட்டுவிடும். ஆசாரி அழகுக்காகத் துவாரத்துக்குக் கீழே ஒரு குச்சி வைக்கப் பார்த்தார். குருவி உட்கார வேண்டாமா? வேண்டாம். அது பாட்டுக்கு விளிம்பைப் பற்றிக்கொண்டு நுழைந்துவிடும். குச்சி வைத்தால் உட்காருவது காக்கை. அங்கிருந்து கழுத்தை நீட்டினால் குஞ்சு.

மற்றபடி முக்கால் இஞ்ச் வேப்பம் பலகை, உள்ளே பெயின்ட் கூடாது, அடியில் தண்ணீர் வடிய நாலு சின்ன ஓட்டை. தகரத்தில் செய்து தொங்கவிடுகிறார்கள் சிலர். நம் ஊர் சித்திரை வெயிலில் அது பெட்டியில்லை சார், தோசைக்கல்! எங்கள் பெட்டி பின்வாசல் சன்ஷேடுக்குக் கீழே, பத்தடி உயரத்தில், நிழலில், கிழக்குப் பார்த்து.

காமிராவுக்காகப் பெட்டியின் உயரத்தை நாலு இஞ்ச் கூட்டினோம். அப்படியும் படம் மங்கல். வீட்டுக் காமிரா என்பது வாசல் கேட்டில் நிற்கும் ஆளைப் பார்க்கச் செய்தது. ஒரு சாண் தூரத்தில் இருப்பது அதற்கு வெள்ளெழுத்து. மாட்டிக்கொடுக்க வந்த பையன் லென்ஸைச் சுற்றியிருந்த பசையைச் சுரண்டி அரைத் திருகு திருகினான், பளிச். இருட்டில் பார்க்க அகச்சிவப்பு விளக்கு உண்டு. டி.வி. ரிமோட்டின் மூக்கிலிருந்து வருகிற அதே சங்கதி; குருவி கண்ணுக்குத் தெரியாது, தூக்கம் கெடாது. ஒயர் வழியாக எறும்பு ஏறாமலிருக்க ஓரிடத்தில் கிரீஸ். எல்லாவற்றையும் கூடு கட்டும் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். முட்டை இருக்கும்போது போய் ஸ்குரு டிரைவரை நீட்டினால் பெற்றோர் கூட்டையே கைகழுவிவிட்டுப் போய்விடக் கூடும்.

தை மாதம் மாட்டினோம். முதல் குடித்தனக்காரர் வந்த அன்று பெங்களூரிலிருந்து அலறல்: "மச்சான், பெட்டிக்குள்ள முதலை படுத்திருக்குடா!"

பல்லி. கிட்டத்தில் காட்டினால் பல்லியும் முதலைதான்.

*

மாசிக் கடைசியில் தொண்டையில் கறுப்புக் கைக்குட்டை கட்டின மாதிரி ஆண் குருவி வந்து வாசலில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தது. குருவி ஜாதியில் வீடு பார்ப்பது ஆண். வந்து பார்த்துப் பிடித்திருக்கிறதா என்று சொல்வது பெண். (நம் வீட்டிலும் அப்படித்தான், கத்துவது மட்டும் வேறு ஆள்.) வைக்கோல், தேங்காய் நார், கோழி இறகு, சத்திரப்பட்டி பாண்டேஜ் துணித் துண்டு ஒன்று. நீள நூலாக இருந்தால் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும், இது சின்னத் துண்டு, பரவாயில்லை.

தினம் காலை ஒன்றாக நாலு முட்டை. பெங்களூரில் மச்சான் ஆபீஸ் மேஜையில் இன்னொரு திரை வைத்து நாள் முழுக்க இதையே ஓடவிட்டிருந்தான். சுமார் பன்னிரண்டு நாளில் மூன்று குஞ்சு. மறுநாள் நாலாவது.

அந்த ஒரு நாள் பிந்தியதுதான் வினை. அப்பனும் ஆத்தாளும் மாறி மாறிப் பச்சைப் புழு, வெட்டுக்கிளி என்று கொண்டுவருவார்கள். சிட்டுக்குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்கு முதலில் ஊட்டுவது பூச்சிதான். கத்தரிக்கு மருந்து அடித்த அன்று குருவி வீட்டில் அடுப்பு எரியாது. கொண்டுவந்ததை எந்த வாய் உயரமாக, பெரிதாகத் திறக்கிறதோ அதில் திணித்துவிட்டுப் பறந்துவிடும். ரேஷன் கார்டு கிடையாது, வரிசை கிடையாது. கடைசிக் குஞ்சு எழும்பி வாயைத் திறப்பதற்குள் சரக்கு தீர்ந்துவிடும்.

மச்சான் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தான். "பெட்டியத் திறந்து அந்தச் சின்னதுக்கு ஏதாவது குடுடா. காசு எவ்வளவானாலும் அனுப்புறேன்." அத்தை ஒரு கிண்ணத்தில் பாலும் சோறும் பிசைந்து வைத்துக்கொண்டு ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் குருவிக்கு ஆகாது, சோறு அந்த வயசுக்கு ஆகாது, ஏணி வைத்துத் திறந்தால் மற்ற மூன்றுக்கும் ஆபத்து. இதை நான் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். சொல்லிவிட்டு நானும் ராத்திரி இரண்டு மணி வரை செல்போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன வாய் திறந்து திறந்து மூடியது.

சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி கிராமத்தில் 2020-ல் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. ஊர் கூடிப் பேசி, குஞ்சு பறக்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே போடாமல் இருட்டில் நடந்தார்கள். டி.வி.யில் பார்த்தபோது இதென்ன பெரிய விஷயம், சுவிட்சைத் தொடாமல் இருப்பதுதானே என்று தோன்றியது. அந்த இரண்டு மணிக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் சின்னது வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் பெட்டிக்குள் மூன்றுதான் இருந்தன. இரவோடு இரவாகத் தாயோ தகப்பனோ வெளியே தூக்கிப் போட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அத்தை பெட்டிக்கு நேர் கீழே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், கீரையைப் பார்த்தபடியே:

"எனக்கும் மொதப் பிள்ளை நிக்கலய்யா. பொம்பளப் பிள்ளை. ஒம்போது நாளு. அப்ப யாரு காமிரா வச்சுப் பாத்தா..."

எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். என்ன சொல்வதென்று தெரியாமல் நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து உருவ ஆரம்பித்தேன்.

அந்தக் காமிராவில் மைக் இருக்கிறது. குஞ்சு கத்துவதைக் கேட்கட்டும் என்று பையன் அதையும் ஆன் செய்து வைத்திருந்தான். ராத்திரி போன் வந்தது. எப்போதும் எடுத்ததும் மச்சான் என்று கத்துகிறவன், அன்று கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

"எனக்கு மேல ஒரு அக்கா இருந்துச்சாடா?"

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிச் சனிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து இறங்கினான். இரண்டு நாள் இருந்தான். அம்மாவும் பிள்ளையும் கூடத்தில் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கூடத்தில்தான் காமிரா இல்லையே.

மூன்று குஞ்சுகளும் பதினைந்தாம் நாள் வாக்கில் ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்து, எட்டிப் பார்த்து, பயந்து உள்ளே போய், மறுபடி வந்து, முருங்கைக்குப் பறந்தன. பழைய கூளத்தைச் சுத்தமாக எடுத்துப் பெட்டியைக் காயவைத்து மறுபடி மாட்டினேன். குருவி ஒரு ஈட்டோடு நிறுத்தாது. பத்து நாளில் அதே கறுப்புக் கைக்குட்டை ஆசாமி (அதுவாகத்தான் இருக்க வேண்டும்) ஆஜர்.

மைக் சமாசாரம் இப்போது அத்தைக்குத் தெரியும். நிறுத்திவிடவா என்று கேட்டேன், வேண்டாமென்றுவிட்டாள். தினம் நாலு மணிக்குக் கல்லில் உட்கார்ந்து, தலையை மட்டும் பெட்டிப் பக்கம் உயர்த்தி ஆரம்பிக்கிறாள்: கத்தரிக்காய் என்ன விலை, எதிர்வீட்டில் யாருக்கு நிச்சயம், பால்கோவாவை எந்தப் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறாள், எல்லாம். போன ஞாயிறு நான் இருக்கும்போதே, "ஏய், கேக்குதா? ஆடிப்பூரத் தேருக்கு வாரப்ப ரெண்டு நாளு சேத்து லீவு போட்டுட்டு வா, சும்மா தலையக் காட்டிட்டு ஓடாத" என்று போட்டாள் ஒரு போடு.

என் செல்போனில் பார்த்தேன். பெட்டிக்குள் ஆண் குருவி, வாயில் கவ்வின வைக்கோலைக் கீழே வைக்காமல், தலையை ஒரு பக்கம் சாய்த்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தது.