முட்டையைப் பறிக்க வேண்டாம், கரண்டியைப் பிடிக்கலாம்

நவம்பர் 1 உலக வீகன் நாள். 1944-இல் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் இங்கிலாந்தில் வீகன் சங்கத்தைத் தொடங்கிய மாதம் அது. அந்த நாளையொட்டி, சென்னையில் கூடிப் படிக்கும் பெண்கள் குழு ஒன்று ஊராருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறது. இவர்கள் பெண்ணியவாதிகள்; இறைச்சி, முட்டையோடு பாலையும் நெய்யையும் விட்டவர்கள். இப்படிச் சொன்னதுமே, 'இவர்களும் ஆசாரம் பேச வந்தவர்களா?' என்ற சந்தேகம் எழும். நியாயமான சந்தேகம்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறார்கள்.

2018 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதி உணவகம் ஒன்றில் சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கை கழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கிழித்தார்கள். 2021-இல் கர்நாடகப் பள்ளிகளில் மதிய உணவோடு முட்டை கொடுத்தபோது சில மடாதிபதிகள் கொதித்தார்கள். 'சைவர்களுக்கு மட்டும்' என்ற வாடகைப் பலகை யாரைத் தெருவிலேயே நிறுத்துகிறது என்பதும் ஊரறிந்த விஷயம். அந்தச் சைவத்துக்கும் தங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்கிறது குழு.

தமிழ்நாட்டின் சத்துணவில் முட்டை வந்தது 1989-இல். அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதே இவர்களின் முதல் வேண்டுகோள். வீகன்கள் முட்டைக்கு வக்காலத்து வாங்குவது விசித்திரமாகப் படலாம். ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கடைசியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுகிறவளிடம் போய் இன்னும் ஒன்றை விடு என்பது அறம் அல்ல, திமிர்.

பிறகு ஏன் வீகன்? பதில் புத்தகங்களிலிருந்து வந்தது.

பெருமாள்முருகனின் 'பூனாச்சி' (2016) ஒரு கிழவனும் கிழவியும் வளர்க்கும் வெள்ளாட்டின் கதை. பூனாச்சி எந்தக் கிடாயோடு சேர வேண்டும், குட்டிகள் எங்கே போக வேண்டும், எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடுவது ஊருக்கு அதிசயம். அவளுக்கு உடம்பு வற்றும் வேலை. இந்தக் கதையைப் படித்தவர்களுக்குப் பால் பாக்கெட்டின் பின்னால் இருப்பதும் கண்ணில் படும். மாடு கன்று போட்டால்தான் பால். ஆகவே திரும்பத் திரும்பச் சினை ஊசி. டிராக்டர் வந்த ஊரில் காளைக்கன்றுக்கு ஏரும் இல்லை, வண்டியும் இல்லை. அதே நேரம், ஒற்றைக் கறவை மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது குழுவின் நோக்கமல்ல.

தென்கொரியாவின் ஹான் காங் 2007-இல் எழுதிய நாவல் தமிழில் 'மரக்கறி' என்று வந்திருக்கிறது. 2016-இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு பெற்றது. இறைச்சி வேண்டாம் என்ற மகளை அப்பா அறைந்து, வாயைப் பிளந்து திணிக்கும் காட்சி அதில் உண்டு. தன் வாய்க்குள் என்ன போக வேண்டும் என்று ஒரு பெண் தானே முடிவு செய்தால், குடும்பமே கூடி அடக்க வேண்டிய கலகமாகிவிடுகிறது.

சினிமாவுக்கு வருவோம். பெண்ணை உணவாகவும் விலங்கைப் பெண்ணாகவும் காட்டும் விளம்பரங்களை அமெரிக்கப் பெண்ணியவாதி கேரல் ஆடம்ஸ் 1990-இல் ஒரு நூலில் அலசினார். 2012-இல் வெளிவந்த 'தபாங் 2' இந்திப் படத்தின் ஆட்டப் பாட்டில் ஆடும் நடிகை தன்னைத் தந்தூரிக் கோழி என்று அறிவித்துக்கொள்ள, தியேட்டரே விசிலடித்தது. ஆடம்ஸின் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தமிழ்க் குத்துப் பாட்டுகளும் சளைத்தவை அல்ல.

ஆனால் இறைச்சி போனால் விடுதலை வந்துவிடாது. 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) படத்து மாமனாருக்குச் சோறு விறகடுப்பில் வேக வேண்டும், சட்னி அம்மியில் அரைபட வேண்டும். தேங்காய்ப்பால் பிழிவதும் முந்திரி ஊறவைத்து அரைப்பதும் பெண் தலையிலேயே விழுந்தால், வீகன் சமையலும் அந்த மாமனார் சமையல்தான். 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குக் கொடுத்தது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97.

வேண்டுகோளில் கட்டாயம் எதுவும் இல்லை. கல்யாணப் பந்தியில் நெய்யையும் தயிரையும் கேட்டுப் பரிமாறலாம். பன்னீர் இல்லாத இலை இலையே அல்ல என்ற புது வழக்கத்தைக் கைவிடலாம். புளியோதரை, சுண்டல், எள்ளுருண்டை, கடலை மிட்டாய் எல்லாம் வீகன் என்ற பெயர் தெரியாமலே வீகனாக இருந்தவை. முழுதாக மாற நினைப்பவர்கள் வைட்டமின் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். அதைச் சொல்லாமல் ஆள் சேர்ப்பது மோசடி.

இந்த நவம்பர் 1 அன்று பக்கத்து நூலகத்தில் 'பூனாச்சி'யைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பெண்கள் அதைப் படிக்கட்டும். அன்றைய மூன்று வேளைச் சமையலையும் ஆண்கள் பார்த்துக்கொள்ளுங்கள், பாத்திரம் தேய்ப்பது உட்பட.