துருக்கிக் கம்பியும் நம்ம வயிறும்



திருக்கடையூர்க்காரன் நான். எங்க ஊரில் விருந்து என்றால் அறுபதாம் கல்யாணப் பந்திதான். வாழை இலை, சாம்பார், பாயசம்! அப்படி வளர்ந்த என்னை, "வாடா, ஷவர்மா சாப்பிடலாம்" என்று பக்கத்து டவுனுக்கு இழுத்துப் போனது நம்ம செட்.

ருசி? பொய் சொல்லக் கூடாது, பிரமாதம்! துருக்கியின் டோனர் கபாப்தான் அரபு நாடுகளில் ஷவர்மா ஆனது. அந்தப் பேரே 'சுழற்றுவது' என்ற துருக்கிச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

மறுநாள் நண்பன் ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு. லேப் பரீட்சை போச்சு. அவன் பிழைத்துக்கொண்டான். 2022-இல் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு மாணவியும், 2023-இல் நாமக்கல்லில் ஒரு சிறுமியும் ஷவர்மா சாப்பிட்ட பின் உயிரையே இழந்தார்கள்.

"அந்நியச் சாப்பாடு, அதான்" என்கிறார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். தப்பு துருக்கியில் இல்லை, வெப்பத்தில்! அடுப்பு கறியின் வெளிப்பக்கத்தைத்தான் முதலில் சுடும். உள்ளே சூடு இறங்க நேரமாகும். கூட்டம் சேர்ந்தால் மாஸ்டர் ஆழமாக வெட்டுவார். அரைவேக்காடு ரொட்டிக்குள் போகும். உள்ளே 75 டிகிரி வந்தால்தான் கிருமி சாகும். மிச்சக் கறியை மறுநாளும் கம்பியில் ஏற்றினால் கேட்கவே வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டதும் சும்மா இல்லை.

ஆகவே தோழர்களே, போங்கள், சாப்பிடுங்கள். ஆனால், "அண்ணே, வெட்டின கறியைக் கல்லில் இன்னொரு வாட்டு வாட்டிக் கொடுங்க" என்று கேளுங்கள். வெட்கம் எதற்கு? ஒர்க்‌ஷாப்பில் நூலளவு பிசகினாலும் ஜாபைத் தூக்கிப் போடுகிற நாம், வயிற்று விஷயத்தில் மட்டும் கண்ணை மூடலாமா?

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்