துப்பாக்கி உரிமம்: நாம் முதலில் கேட்க வேண்டியது எது?

"அண்ணே, நம்ம ஆளுங்களுக்கு வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரலாம்னு சட்டத்துலயே இருக்காமே? எது வாங்கினா நல்லது?"

ஒரு சேரியில் கூட்டம் முடிந்து கிளம்பும்போது கல்லூரி மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். திருவிழாத் தகராறுக்குப் பிறகு அந்தத் தெருவில் இரண்டு இரவுகள் கல் விழுந்திருக்கிறது. ஊர்ப்பக்கத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கும் வீடுகள் எவை என்பது சேரியில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அம்மா இரவில் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். தம்பி விளையாட்டாகக் கேட்கவில்லை. நாமும் விளையாட்டாகப் பதில் சொல்லக் கூடாது.

அவர் கேள்விப்பட்டது உண்மைதான். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வகுக்கப்பட்டன. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் அரசு முன்கூட்டியே என்னென்ன செய்ய வேண்டும் என்று அதன் மூன்றாம் விதி வரிசையாகச் சொல்கிறது. அதில் ஐந்தாவது: உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தேவை என்று கருதினால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கலாம்.

இதைச் சின்ன விஷயமாக நாம் நினைக்கவில்லை. ஆயுதம் ஏந்தும் உரிமை மறுக்கப்பட்டதால்தான் அடித்தட்டு மக்களால் கிளர்ந்தெழ முடியாமல் போனது என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். வருணம் பறித்ததை ஒரு அரசு விதி திருப்பித் தரலாம் என்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் ஏழைக்குக் கதவை மூடவில்லை. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று அதன் 14ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் மேல்முறையீடும் உண்டு.

சரி, எதை வாங்குவது? தனியார் உரிமத்தில் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி. மற்றொன்று .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல். விண்ணப்பிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கையாளும் பயிற்சி வேண்டும், பத்திரமாகப் பூட்டி வைக்க இடமும் வேண்டும். நூறு நாள் வேலைக் கூலியை ஓர் ஆண்டு முழுக்கச் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஒரு ரிவால்வர் வாங்க முடியாது. ஒரே அறை உள்ள காலனி வீட்டில், குழந்தைகளின் கைக்கு எட்டாமல், கோபத்தில் இருப்பவர் கைக்கும் எட்டாமல் அதை எங்கே வைப்பது?

போலீஸ் விசாரணை அறிக்கை இன்னொரு தடை. நம் ஆட்கள் வன்கொடுமைப் புகார் கொடுத்தால் எதிர்ப்புகார் ஒன்று உடனே வந்து சேர்வது வாடிக்கை. அந்த எதிர்வழக்கு உரிம விசாரணையில் நமக்கு எதிராக நிற்கும். 'லைசென்ஸ் கிடைக்காது, நாட்டுத் துப்பாக்கி வாங்கிக்கலாம்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உரிமமில்லாத ஆயுதம் சிறைக்கு வழி. வழக்கில் பாதிக்கப்பட்டவராக இருப்பவரை ஒரே நாளில் குற்றவாளியாக்கிவிடும்.

இவை எல்லாவற்றையும் தாண்டி உரிமம் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்தத் துப்பாக்கி நம்மைக் காப்பாற்றுமா?

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்கு வந்தவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் கொல்லப்பட்டது வீட்டில் அல்ல. மதுரையிலிருந்து திரும்பிய பேருந்தில், பட்டப்பகலில். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய இடங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை ஒரு பெருங்கூட்டம் சூறையாடித் தீவைத்தது. மக்கள் வீட்டை விட்டு ஓடியதால் உயிர் தப்பினார்கள். பூட்டிய பெட்டியில் இருக்கும் ஒரு துப்பாக்கி, பேருந்தில் போகிறவரைக் காக்காது. ஆயிரம் பேர் வரும்போது அது இரண்டு தோட்டாவுக்கு மேல் பேசாது.

வீட்டுக்குத் தீ வைக்க வருபவரைத் தடுக்கும் தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. அந்த உரிமைக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் தனியொரு வீடு தாக்கப்படும்போது உதவும் உரிமை அது. சாதி தாக்குவது தனி வீட்டை அல்ல, தெருவை.

அதனால்தான் அந்தத் தம்பியிடம், ஐந்தாவதைப் படிக்கும் முன் அதே விதியில் மூன்றாவதையும் நான்காவதையும் படிக்கச் சொன்னோம். பதற்றமான பகுதி என்று அடையாளம் காணப்பட்ட இடத்தில், தேவை என்று கருதினால், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும் என்கிறது மூன்றாவது. அவர்களின் நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களின் உரிமங்களும் இதில் அடக்கம். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்கிறது நான்காவது. அதாவது சட்டம் முதலில் சொல்வது நம் கையில் துப்பாக்கி கொடு என்பதல்ல, மிரட்டுகிறவர் கையிலிருந்து அதை எடு என்பதுதான்.

இது நடக்காத காரியமா? ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறதே. தேதி அறிவித்த சில நாட்களுக்குள் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்கு வந்து சேர்கின்றன. வேட்பாளருக்காகவும் வாக்குச்சாவடிக்காகவும் செய்ய முடிந்ததை, கல் விழும் தெருவுக்காகச் செய்ய நிர்வாகத்துக்கு என்ன தடை? கருவி இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது. இல்லாதது கேட்கும் மனு. மனு போன பிறகும் நடக்கவில்லை என்றால் இல்லாதது மனம்.

ஆகவே மாணவர்கள் செய்யக்கூடியது இது. நடந்த சம்பவங்களைத் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். உங்கள் பகுதியை வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியாக அறிவிக்கக் கேளுங்கள். மூன்றாம் விதிப்படி ஊரில் உள்ள துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யவும், சிறப்புக் காவல் படையை நிறுத்தவும் மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரே மனுவாகக் கொடுங்கள். வழக்கு ஏற்கெனவே இருந்தால், பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு தருவது அரசின் கடமை என்று சொல்லும் 15ஏ பிரிவைக் குறிப்பிடுங்கள். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. மனுவின் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆயுத உரிமத்துக்கு விண்ணப்பிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உண்மையான உயிர் ஆபத்தில் இருப்பவர், பயிற்சியும் பொறுப்பும் உள்ளவர், விண்ணப்பிக்கட்டும். கொடுக்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி மேல்முறையீடு செய்யட்டும். அது சமத்துவத்துக்கான உரிமை, விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் 'நீயே துப்பாக்கி வாங்கி உன்னைப் பார்த்துக்கொள்' என்று அரசு கையைக் கழுவிக்கொள்ள நாம் வழி செய்து கொடுக்கக் கூடாது.

அந்தத் தம்பி அன்றிரவே வாசலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மனுவை எழுதினார். முப்பத்தேழு பேர் கையெழுத்து, கைநாட்டு. நாம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த அம்மா இரவில் வீட்டுக்குள் போய்த் தூங்க வேண்டும்.